அசையாத கோடு

என் பயம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாடே பார்த்தது. சிவப்பு நிறக் கோடு. ஓரிடத்தில் சட்டென்று எழுந்து, உச்சியில் நெடுநேரம் நின்று, இறங்க மனமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நீல நிறத்தில் என் கணவரின் கோடு. மேசை விளிம்பைப் போல நேராக இருந்தது. எல்லாத் தொலைக்காட்சிகளும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டின. கணவன் மனைவி இருவரில் யார் பொய் என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்திய தொலைக்காட்சியும் உண்டு.

காவல் நிலையங்களில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்த காலத்தில்தான் பட்டைச் சட்டம் வந்தது. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. சாதாரண நேரங்களில் அது எதையும் பதியாது. சீருடையில் இருப்பவர் யாரையாவது கைது செய்யும்போது, அந்த இடத்தில் இருக்கும் எல்லாப் பட்டைகளும் தாமாகவே விழித்துக்கொள்ளும். இதயத் துடிப்பு, தோலின் ஈரம், மூச்சு மூன்றையும் சேர்த்து ஒரே கோடாக வரையும். கைதானவரின் கோடு ஓர் அளவைத் தாண்டினால் அது துன்புறுத்தல். காவலரின் கோடு தாண்டினால், அவர் உயிருக்குப் பயந்துதான் கை வைத்தார் என்று பொருள். சாட்சியை மிரட்டலாம், கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பலாம், உடம்பு பொய் சொல்லாது என்றார்கள். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். அளந்து பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்தச் சட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி.

என் கணவர் வீரமலை அரசு கால்நடை மருத்துவர். அவருடைய சாதிப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த நாட்களில் மற்றவர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். பிறந்த குழந்தையையும் குற்றவாளி என்று வெள்ளைக்காரன் சட்டம் எழுதிவைத்த சாதிகளில் ஒன்று. சட்டம் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் சேலத்துக்கு வெளியே இருக்கும் அவருடைய ஊரின் பெயரைச் சொன்னால், கேட்பவர்களின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். நான் வேறு சாதி. காதலித்து மணந்தோம். திருச்சிக்கு வந்து, யாரும் யாருடைய ஊரையும் கேட்காத ஒரு புதுக் குடியிருப்பில் வீடு பிடித்தோம்.

அன்று மாலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் நறுமுகை கூடத்துத் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தங்கச் சங்கிலி காணோம் என்று வீடு வீடாக விசாரித்து வந்த இன்ஸ்பெக்டர் தனசேகர், இரண்டு காவலர்களோடு எங்கள் வாசலில் நின்றார். வீரமலை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த திரையைப் பார்த்தார். "சொந்த ஊரு?"

அவர் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. ஓரடி பின்னால் போனார். "என்ன வேலை?"

"மாட்டு டாக்டர் சார்."

"மாட்டுக்கு மட்டுந்தானா, இல்ல பூட்டுக்கும் வைத்தியம் பாப்பீங்களா?" என்று பின்னாலிருந்த காவலர் கேட்டார். இன்னொருவர் சிரித்தார்.

"எதுக்குன்னு சொன்னீங்கன்னா நானே வர்றேன் சார்," என்று வீரமலை தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான். அடுத்த கணம் அவர் குப்புறக் கிடந்தார். கழுத்தின் மேல் இன்ஸ்பெக்டரின் முழங்கால். கைகள் பின்னால் விலங்குக்குள். என் தோசைக் கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் கத்தியதாகப் பின்னால் சொன்னார்கள். நறுமுகை கையில் பென்சிலோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் காலையில் சங்கிலி கிடைத்தது. அந்த வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையத்துக்குள் சிக்கியிருந்தது. வீரமலையை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று பாலத் திறப்பு விழா ஒன்றில் நிருபர் ஒருவர் முதல்வர் வேலாயுதத்திடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார். முதல்வர் எழுதிவைத்துப் பேசுகிறவர். அன்று எழுதி வைத்திருக்கவில்லை.

"எனக்கு முழு விவரம் தெரியாது. ஆனா சொந்த வீட்ல உட்கார்ந்திருந்த மனுஷனைக் குப்புறத் தள்ளி விலங்கு போட்டிருக்காங்க. இது முட்டாள்தனம். அந்த மனுஷன் எப்படி நடுங்கியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பட்டியல்ல பேர் இருந்தா காலம் பூரா திருடனா?"

மாலைக்குள் காவலர் சங்கம் கறுப்புப் பட்டி அணிந்தது. அடுத்த நாள் எங்கள் கோடுகளை வெளியிட்டது. முதல்வர் சொன்ன மனிதர் நடுங்கவே இல்லை. நடுங்கியது இன்ஸ்பெக்டர்தான். தனசேகரின் கோடு என் கோட்டைவிடவும் உயரமாக இருந்தது.

வீரமலை மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு. காவல்துறையின் மனவலிமையை முதல்வர் உடைத்துவிட்டார் என்றார்கள். இல்லை, இத்தனை நாள் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டார் என்றார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "பயந்தவர் தற்காத்துக்கொண்டார், பயப்படாதவர் புகார் சொல்கிறார்" என்றார். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில், நான் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் சொன்னார்: "பொண்டாட்டிக்கு இருக்கற பயம் புருஷனுக்கு இல்லையே. பழக்கப்பட்ட ஆளு போல." நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

முதல்வர் அலுவலகத்திலிருந்து தினமும் தொலைபேசி வந்தது. "ஐயா உங்களை நம்பித்தாம்மா வாய விட்டுட்டார். டாக்டர் புகாரை முன்னெடுத்து ஜெயிச்சுக் காட்டணும். இல்லைன்னா ஐயா பேசினதைத் திருப்பி வாங்கிக்கணும். அப்புறம் இந்த மாதிரி விஷயத்துல எந்த முதல்வரும் வாயே திறக்க மாட்டாங்க."

எங்கள் வக்கீல் சுகிர்தாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் வயதில் சிறியவர், வேகமாகப் பேசுவார்.

"டாக்டர், நீங்க சும்மா இருக்கறப்ப உங்க கோடு எப்படி இருக்கும்னு யாராவது பார்த்திருக்காங்களா?"

வீரமலை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"யாருமே பார்த்ததில்ல. கைது நேரத்துல மட்டும்தானே பட்டை பதியுது. கொஞ்ச நாள் வீட்ல உங்க சம்மதத்தோட பதிஞ்சு பார்ப்போம்."

பதிந்தார்கள். முடிவை எடுத்துக்கொண்டு சுகிர்தா வந்தபோது செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்துவிட்டார். திரையில் வீரமலையின் கோடு ஆற்று நீர் மாதிரி நெளிந்தது. நறுமுகை மடியில் வந்து விழுந்தபோது ஒரு துள்ளல். பால் பொங்கியபோது ஒன்று. மின்கட்டணத்துக்காக நான் சண்டை போட்ட இடத்தில் ஒரு சின்னக் குன்று. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. பல மாலைகள் நாங்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஒரு சொல்லும் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். அந்த மௌனத்தின் அடியில் இவ்வளவு அசைவு இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"புரியுதா மேடம்?" என்றார் சுகிர்தா. "இவரோட நிம்மதிதான் நெளியுது. பயம் வந்தா நேராயிடுது. உயிரோட இருக்கற உடம்பு அப்படி நேரா இருக்கவே முடியாது. அமுக்கி வெச்சிருக்கார். இத ஆணையத்துல வெச்சா அரை நாள்ல ஜெயிச்சிடலாம்."

நான் வீரமலையைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்," என்றார்.

மறுநாள் அவருடைய அக்கா பொன்னாயி வந்துவிட்டார். தம்பி தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். சேலத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"வசுமதி, கல்லாட்டம்னு கேட்டிருக்கியா?"

"இல்ல அண்ணி."

"உம் புருசன் சொல்லியிருக்க மாட்டான். எங்க ஊர்ப் பிள்ளைக ஆடறது. ஒருத்தன் குச்சிய வெச்சுக்கிட்டு போலீசா வருவான். மத்ததெல்லாம் படுத்துக்கணும். அவன் வந்து நெஞ்சுல காத வெப்பான். எவன் நெஞ்சு தடதடங்குதோ அவன் புடிபட்டான். உம் புருசன் புடிபட்டதே இல்ல. செத்துக் கித்துப் போயிட்டானான்னு ஒரு தடவ எங்காத்தா கன்னத்துல அறைஞ்சு பார்த்துச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"விளையாட்டுதானே அண்ணி?"

"விளையாட்டுதான். எங்கப்பன் காலத்துல நெசமாவே வந்து கூரைக்குள்ள டார்ச்ச அடிப்பாங்க. எவன் அசையறானோ அவனத் தூக்கிட்டுப் போவாங்க. கேசு யார் மேலன்னு அதுக்கப்புறந்தான் எழுதுவாங்க. அதனால அசையக் கூடாது. ஒடம்பு அசையாம இருந்தாப் பத்தாது, உள்ளயும் அசையக் கூடாது."

"அதத்தானே அண்ணி ஆணையத்துல சொல்லப் போறோம். உலகத்துக்கே தெரியட்டும்."

பொன்னாயி அண்ணி என் கையைப் பிடித்தார். "தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? இன்னைக்கு ஒரு பையனப் புடிச்சா, கோடு நேரா இருக்கு, பதட்டமில்ல, சும்மா வந்தவன்னு பாதி நேரம் விட்டுடறாங்க. நீங்க ஜெயிச்ச மறுநாளு, ஸ்டேசன்ல எழுதிப் போட்டுருவாங்க, எவன் கோடு நேரா இருக்கோ அவன் இந்தச் சாதின்னு. பேர மாத்திக்கலாம். ஊர மாத்திக்கலாம். கோட்ட எங்க போயி மாத்தறது? எங்க பிள்ளைக இதுக்கு மேல எங்கம்மா ஒளியும்?"

வீரமலை கூடத்தின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாலையில் அண்ணியைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தவரிடம் நான் கேட்டேன்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"தெரியல வசு."

"உங்க கழுத்துல முழங்காலை வெச்சிருக்கான். நீங்க பொய் சொன்னதா ஊரே பேசுது. நறுமுகை இதைக் கேட்டுக்கிட்டுத்தான் வளரணுமா?"

"எனக்கும் ஜெயிக்கணும்னுதான் இருக்கு," என்றார். "ஒரு தடவையாவது."

அந்தச் சொல் எனக்குப் போதும். அவர் தயங்கும் இடத்தில் நான் தள்ளுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். குழந்தைகளின் பதிவை யாரும் வெளியிட முடியாது, பெற்றோர் கேட்டால் மட்டும் கொடுப்பார்கள். அன்று கூடத்தில் நறுமுகையும் இருந்தாள். அவளுடைய கோடு என் கோட்டைப் போல எகிறியிருக்கும். ஒரு குழந்தையின் பயத்துக்கு முன்னால் எந்த ஆணையமும் வாதாடாது. சுகிர்தாவிடமும் வீரமலையிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன்.

பள்ளியில் மதிய இடைவேளையில் அது என் தொலைபேசிக்கு வந்தது. ஆய்வகத்தில் யாரும் இல்லை. திறந்தேன்.

முதலில் தவறான பதிவை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வீரமலையின் கோட்டையே மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்தேன். வயதைப் பார்த்தேன். பட்டை விழித்த கணத்திலிருந்து ஜீப் கிளம்பிய கணம் வரை, எந்த நடுக்கமும் இல்லாமல், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல ஒரு கோடு. என் மகளுடையது.

மாலையில் அவள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அன்னைக்குப் போலீஸ் வந்தப்ப உனக்குப் பயமா இல்லையாடா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன பண்ணின?"

"மூச்ச வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தா? அத்தையா? ஊருக்குப் போனப்ப யாராவது?"

"யாரும் சொல்லல." இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தெரியவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள். "ஸ்கூட்டர்ல நான் முன்னாடிதானே நிப்பேன். போலீஸ் நிக்கற இடம் வந்தா அப்பா வயிறு நின்னுடும். என் முதுகுல தெரியும். தாண்டினதும் மறுபடி வரும். நானும் சேர்ந்து நிறுத்துவேன். இப்பல்லாம் அப்பாவுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன்."

பால் ஏடு மீசையோடு, பெருமையாகச் சொன்னாள்.

அவள் வெளியே விளையாடப் போன பிறகு நான் அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். இந்தக் குழந்தையின் பெயரில் அந்தச் சாதி இல்லை. சான்றிதழில் என் ஊர்தான் இருக்கிறது. நிறம் என்னுடையது, பேச்சு இந்தக் குடியிருப்பின் பேச்சு. எந்தப் பட்டியலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம். அந்த நேர்கோட்டுக்கு ஆணையத்தில் நான் ஒரு பெயர் வைத்துவிட்டால், அது முதலில் வந்து நிற்கும் வீடு இதுதான்.

வீரமலை வந்ததும் தொலைபேசியைக் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். நெருக்கத்தில் வைத்தும் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார். அவள் சொன்னதைச் சொன்னேன்.

"நான் சொல்லிக் கொடுக்கல வசு."

"தெரியும்."

"சத்தியமா கல்லாட்டம்ங்கற வார்த்தையையே நான் இந்த வீட்ல சொன்னதில்ல."

"தெரியும்ங்க."

அவர் வாசலுக்குப் போனார். அங்கே நின்ற ஸ்கூட்டரை, அது ஏதோ நோய் வந்த விலங்கு என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். இருட்டும் வரை உள்ளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. சுகிர்தாவை நான்தான் அழைத்தேன்.

"வேண்டாம் மேடம். வீட்டுப் பதிவை அழிச்சிடுங்க."

"என்ன மேடம் விளையாடறீங்களா? கையில வெற்றி இருக்கு. யாராவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல."

"அப்ப காரணத்தச் சொல்லுங்க."

அவருக்கு என் மேல் வந்த கோபம் நியாயமானது. எங்களுக்காகத் தூக்கம் கெட்ட ஒரே ஆள் அவர்தான். காரணம் தெரியாமலே அவர் அந்தப் பதிவை அழித்தார்.

புகார் தள்ளுபடியானது. முதல்வர் ஓர் அறிக்கை விட்டார். இந்த முறை எழுதி வைத்துக்கொண்டு படித்தார். தன் சொற்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார். கசப்பை மறக்க, இரு தரப்பையும் தன் வீட்டுத் தோட்டத்தில் தேநீருக்கு அழைத்திருப்பதாகச் சொன்னார். போகாமல் இருந்தால் அது இன்னொரு வாரத்துக்குப் பேச்சாகும். போனோம்.

நாவல் மரத்தடியில் வெள்ளை நாற்காலிகள். எதிரே நிருபர்கள். தனசேகர் சீருடையில் இல்லை. சாதாரணச் சட்டையில் அவர் மெலிந்து தெரிந்தார். முதல்வர் வரும் முன்னே, யாருக்கும் கேட்காத குரலில் வீரமலையிடம் பேசினார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் நடிக்கல. உங்க ஊர் பேரைக் கேட்டதும் எனக்கு நெஜமாவே கை நடுங்கிடுச்சு. சின்ன வயசுல சாப்பிடலன்னா எங்கம்மா உங்க சாதிப் பேரைச் சொல்லித்தான் பயமுறுத்தும். புடிச்சுக் குடுத்துருவேன்னு. படிச்சேன், டிரெய்னிங் போனேன். அது போகவே மாட்டேங்குது."

"தெரியும் சார்," என்றார் வீரமலை. "உங்க கோட்டைப் பார்த்தேன்."

"உங்களுக்குத்தான் பயமே இல்ல. எனக்குப் பொறாமையா இருக்கு."

வீரமலை தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

முதல்வர் வந்தார். கைகுலுக்கச் சொன்னார்கள், குலுக்கினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு அவர் நறுமுகையைப் பார்த்து, "வா பாப்பா," என்று தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் முதுகு அவர் மார்பில் சாய்ந்திருந்தது. தனசேகர் குனிந்து, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

"மாமா மேல கோவமா?"

"இல்ல," என்றாள் நறுமுகை. வாங்கிக்கொண்டாள்.

"பாருங்க," என்று முதல்வர் நிருபர்களைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே மனம் நிறைந்திருந்தது. "எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கு. இந்தத் தலைமுறைக்குப் போலீஸ்னா பயம் இல்ல. நாம எதுக்குச் சண்டை போட்டுக்கணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வீரமலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நறுமுகை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புன்னகைத்தாள்கூட. கைதட்டல் ஓய்ந்த பிறகும், அவள் மூச்சு விடுவதற்காக நான் காத்துக்கொண்டிருந்தேன்.